திரையில் மறையும் பச்சோந்தி

ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல்-பிளேயிங் வீடியோ கேமில் பச்சோந்தி எதிரி ஒன்று கண்ணெதிரே மறைகிறது. உடனே அதன் நிறம் மாறிவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அங்கே நிறமே மாறுவதில்லை.

கேமை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சின் முதலில் அந்த உயிரினம் இல்லாத பின்னணியை மட்டும் வரைந்து, ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் பச்சோந்தியின் உடல் வரவேண்டிய ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்தப் படத்திலிருந்தே நிறத்தை எடுக்கிறது. ஆனால் அதே இடத்திலிருந்து அல்ல. உடலின் வளைவுக்கு ஏற்பச் சற்றுத் தள்ளி. இந்தக் கணக்கைப் போடும் சிறிய நிரல்தான் ஷேடர். பின்னால் நிற்கும் மரம் அதன் உடல் வழியாக நெளிந்து தெரிவது இதனால்தான்.

தள்ளும் அளவைப் பூஜ்யமாக்கினால் எதிரி அடியோடு காணாமல் போய்விடும். அதனால் விளிம்பில் மெல்லிய பளபளப்பு, தரையில் காலடித் தடம், மூச்சுச் சத்தம் என்று ஏதாவது ஒரு துப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். எதிரி நகரும்போது நெளிவும் சேர்ந்து நகரும். அசைவைப் பிடிப்பதில் நம் கண் கெட்டி.

2002இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் ரூபி, சஃபையர் கேம்களில் வரும் பச்சோந்தி போன்ற உயிரினமான கெக்லியான் வேறு வழியில் போகிறது. உடல் மறைந்தாலும் வயிற்றிலுள்ள சிவப்பு ஜிக்ஜாக் கோடு மறையாது என்பது அதன் இயல்பு. இதைவிட எனக்குப் பிடித்தது அதன் சண்டை விதி: எந்த வகைத் தாக்குதல் படுகிறதோ, கெக்லியானும் அந்த வகையாகவே மாறிவிடும். நெருப்பால் அடித்தால் நெருப்பு வகை. மறுபடி நெருப்பால் அடித்தால் சேதம் பாதிதான். தண்ணீரால் அடித்தால் இரண்டு மடங்கு. நிறமாற்றத்தைக் கண்ணுக்கான வித்தையாக நிறுத்தாமல் யோசிக்கவேண்டிய கணக்காக்கியது அருமையான வடிவமைப்பு.

சரி, நிஜப் பச்சோந்தி? மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகக் குழு 2015இல் விடை சொன்னது. அதன் தோல் செல்களில் குவானின் என்ற வேதிப்பொருளின் மிக நுண்ணிய நானோ படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அது தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. போட்டிக்கு இன்னொரு ஆண் வந்தால் இடைவெளி விரிந்து, தோல் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் மாறுகிறது. அதாவது, இந்தப் பளிச்சென்ற மாற்றம் ஒளிந்துகொள்வதற்கு அல்ல, எதிரிக்குத் தன்னைக் காட்டுவதற்கு.

கோபம் ஏற ஏறப் பளிச்சிட்டு, தாக்கப்போவதை நிறத்தாலேயே சொல்லிவிடும் ஒரு பச்சோந்தி எதிரியோடு மோதிப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.