கட்டத்துக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி மையம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கல்லூரி விண்ணப்பம் போட வந்த பார்வையற்ற மாணவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துத் தானே நிரப்பினார். ஒரு தளத்தில் 'பெயர்', 'பிறந்த தேதி' என்று சரியாக வாசித்தது. இன்னொன்றில் எல்லாக் கட்டத்துக்கும் 'எடிட்', 'எடிட்' என்றே சொன்னது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?"

பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே, இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் குறிகளில் இருக்கிறது. குரோம் போன்ற உலாவி அந்தக் குறிகளைப் படித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, திரையில் வரைகிறது. இது தெரிந்த கதை. கூடவே அணுகல் மரம் என்ற இன்னொன்றையும் அது கட்டுகிறது. அங்கே நிறமோ கோடோ கிடையாது. இது எந்த வகை உறுப்பு, இதன் பெயர் என்ன, இப்போது என்ன நிலை, இவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் கேட்டு வாங்குவது இந்த விவரங்களைத்தான்.

அந்தப் பெயரை உலாவி தேடிப் பிடிக்கும் விதம் அவ்வளவு அழகு! கட்டத்துக்குப் பக்கத்தில் 'தந்தை பெயர்' என்று வெறும் எழுத்தாக இருந்தால், அது யாருக்கு உரியது என்று உலாவிக்குத் தெரியாது. அதையே லேபிள் குறிக்குள் போட்டு, லேபிளின் 'ஃபார்' பண்பிலும், கட்டத்தை உண்டாக்கும் இன்புட் குறியின் 'ஐடி' பண்பிலும் ஒரே சொல்லைக் கொடுத்தால் முடிச்சு விழுந்துவிடும். 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 முதலே இந்த வசதி உண்டு. முடிச்சு விழுந்தபின் எழுத்தைத் தொட்டாலே கர்சர் கட்டத்துக்குள் போய் நிற்கும். டிக் பெட்டியாக இருந்தால் டிக் விழும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டியைக் குறிபார்த்துத் தொடும் பாடு மிச்சம்.

இதில் ஒரு நுணுக்கம். ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒருமுறைதான் வரலாம். தந்தை பெயர் வரிகளை நகலெடுத்து, எழுத்தை மட்டும் 'தாய் பெயர்' என்று மாற்றிவிட்டு ஐடியை விட்டுவிட்டால், உலாவி முதலில் கிடைத்ததோடுதான் முடிச்சுப் போடும். தாய் பெயரைத் தொட்டால் கர்சர் தந்தை கட்டத்துக்குப் போகும்.

கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டர் எழுத்து லேபிளுக்கு ஈடாகாது. ஓர் எழுத்து தட்டியதுமே அது மறைந்துவிடும்.

புதுச்சேரி விண்ணப்பங்களில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று, ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க நான்கு வட்டப் பொத்தான்கள் இருக்கும். 'காரைக்கால்' என்று மட்டும் காதில் விழுந்தால் பிறந்த ஊரா, தேர்வு மையமா? நான்கையும் ஃபீல்ட்செட் என்ற தொகுப்புக் குறிக்குள் வைத்து, கேள்வியை அதன் தலைப்புக் குறியான லெஜண்டில் எழுதினால், கேள்வியும் சேர்ந்து ஒலிக்கும்.

பல தளங்கள் உச்சியில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை வைத்துவிட்டு, அணுகல் கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. மக்கள் பணத்தில் செய்யும் எந்தத் தளத்துக்கும், ஸ்கிரீன் ரீடரில் ஒரு விண்ணப்பத்தை முழுதாக நிரப்பிப் பார்த்த பிறகே பில் தொகை தரவேண்டும் என்பது என் கருத்து. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைக்கிறது. செலவைக் காரணம் காட்ட முடியாது.

வாசகரே, குரோமில் அந்தக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். 'அக்சசிபிலிட்டி' பகுதியில் 'நேம்' வரி காலியாக இருந்தால், அதைப் படம் பிடித்துத் தளத்தின் உதவி முகவரிக்கு அனுப்புங்கள். லேபிள் சேர்க்க அவர்களுக்குக் கட்டத்துக்கு ஒரு வரி போதும்.