பின்னூட்டம் இல்லாத ஆப்-ஆம்ப்: பெருக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி இதுதான். எல்எம்358 என்பது ஆப்-ஆம்ப் சிப், இரண்டு உள்ளீடுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பெருக்கித் தருவது. அதற்கு 5 வோல்ட் ஒற்றைச் சப்ளை. பிளஸ் உள்ளீட்டில் 2.5 வோல்ட், மைனஸ் உள்ளீட்டில் 2.4 வோல்ட். பின்னூட்டம், அதாவது வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதை, கிடையாது. பெருக்கம் 100,000. வெளியீட்டு மின்னழுத்தம் எவ்வளவு?

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பவர்கள், வேலைக்கு வந்து ஐந்தாறு ஆண்டு ஆனவர்கள் என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, 0.1 × 100,000 = 10,000 வோல்ட். மற்றொன்று, "ஆப்-ஆம்பில் இரண்டு உள்ளீடும் சமம்தானே, அதனால் வித்தியாசம் சுழி, வெளியீடும் சுழி." இரண்டும் தவறு. சுற்றைக் கட்டி மல்டிமீட்டரை வைத்தால் 3.5 வோல்ட்டை ஒட்டி ஓர் அளவு வரும்.

முதல் தவறு பெரிதல்ல. 5 வோல்ட் கொடுத்த சிப்பிலிருந்து 10,000 வோல்ட் வராது என்று ஒரு முறை சொன்னால் போதும், பிறகு மறக்க மாட்டார்கள். இரண்டாவதுதான் ஆண்டுக்கணக்கில் கூடவே வருகிறது. பாதிச் சுற்றுகள் வேலை செய்யாமல் போவதற்கும் அதுவே காரணம். ஆகவே அதை நிதானமாகப் பார்ப்போம்.

"இரண்டு உள்ளீடுகளும் சமம்" என்பது சிப்பின் குணம் அல்ல. சிப்புக்குள் அந்த இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பி எதுவும் இல்லை. சமப்படுத்துவது வெளியீடு. வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு ஒரு மின்தடை வழியாகப் பாதை இருக்கும்போது, மைனஸ் தாழ்ந்தால் வெளியீடு உயர்ந்து அதைத் தூக்குகிறது, மைனஸ் உயர்ந்தால் வெளியீடு தாழ்ந்து அதை இறக்குகிறது. இப்படித் தூக்கியும் இறக்கியும் கடைசியில் பிளஸ்ஸுக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தப் பாதையை வெட்டிவிட்டால், தூக்குவதற்கும் இறக்குவதற்கும் யார் இருக்கிறார்கள்?

பிரெட்போர்டில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எல்எம்358ன் 8ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 4ஆம் பின்னுக்குத் தரை. வெளியீடான 1ஆம் பின்னிலிருந்து மைனஸ் உள்ளீடான 2ஆம் பின்னுக்கு 10 கிலோஓம், 2ஆம் பின்னிலிருந்து தரைக்கு 1 கிலோஓம். பிளஸ் உள்ளீடான 3ஆம் பின்னில் 0.1 வோல்ட் கொடுங்கள். பெருக்கம் 11, எனவே வெளியீடு 1.1 வோல்ட், 2ஆம் பின்னிலும் 0.1 வோல்ட் இருக்கும். உண்மையான வித்தியாசம் 1.1 வோல்ட்டை 100,000ஆல் வகுத்தால் வருவது, அதாவது 11 மைக்ரோவோல்ட். உங்கள் மீட்டருக்கு அது தெரியாது. இப்போது அந்த 10 கிலோஓம் மின்தடையை மட்டும் பிடுங்குங்கள். 3ஆம் பின்னில் அதே 0.1 வோல்ட். 2ஆம் பின்னில் சுழி. வெளியீடு 3.5 வோல்ட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சிப் மாறவில்லை, சப்ளை மாறவில்லை, ஒரே ஒரு மின்தடைதான் போனது. "சமம்" அதோடு போய்விட்டது.

மின்தடை இருந்தாலும் எப்போதும் சமம் என்று நம்பாதீர்கள். அதே சுற்றில் 3ஆம் பின்னுக்கு 0.5 வோல்ட் கொடுத்தால் வெளியீடு 5.5 வோல்ட் ஆக வேண்டும். சிப்பால் 3.5க்கு மேல் முடியாது. அப்போது 2ஆம் பின்னில் 3.5ல் பதினொன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.32 வோல்ட்தான் இருக்கும். மின்தடையை மைனஸுக்குப் பதில் பிளஸ்ஸில் மாட்டிவிட்டாலும் சமம் வராது. வெளியீடு ஏதாவது ஓர் எல்லையில் போய்ப் பூட்டிக்கொள்ளும். "கம்பி இருக்கிறதே" என்று சொன்னால் போதாது. எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பாருங்கள்.

இனி வெளியீட்டைக் கண்டுபிடிக்கும் முறை. பெருக்கலில் தொடங்க வேண்டாம், எல்லைகளில் தொடங்குங்கள். 741 என்ற பழைய ஆப்-ஆம்புக்கு பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் கொடுத்தால், லேசான சுமையில் வெளியீடு பிளஸ் 13 அல்லது 14 வரை போகும், கீழேயும் அப்படியே. எல்எம்358 மேலே சப்ளையைவிட ஏறத்தாழ 1.5 வோல்ட் குறைவாக நிற்கும், கீழே தரையை ஒட்டி இறங்கும். எம்சிபி6002 போன்றவை இரண்டு பக்கமும் சப்ளையைத் தொட்டுவிடும். எல்லைகள் தெரிந்த பிறகு எந்த உள்ளீடு பெரிது என்று பாருங்கள். பிளஸ் பெரிது என்றால் மேல் எல்லை, மைனஸ் பெரிது என்றால் கீழ் எல்லை. பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் இவ்வளவுதான்.

வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால் மட்டுமே பெருக்கல். எவ்வளவு சிறிது என்பதற்கு எல்லையைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 741க்கு 13 வோல்ட்டை 200,000ஆல் வகுத்தால் 65 மைக்ரோவோல்ட். தேர்வில் வித்தியாசம் 20 மைக்ரோவோல்ட் என்று கொடுத்திருந்தால் 4 வோல்ட் என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். 100 மைக்ரோவோல்ட் என்று இருந்தால் 20 வோல்ட் என்று எழுதக் கூடாது. எல்லை என்று எழுதுங்கள்.

தாளில் வரும் அந்த 4 வோல்ட்டை மேசையில் தேடாதீர்கள். தயவுசெய்து. 741ன் உள்ளீட்டு ஆஃப்செட் வழக்கமாக 2 மில்லிவோல்ட், சாதாரண வகையில் 6 வரை போகலாம். அதாவது, சிப் தானாகவே இரண்டு உள்ளீடுகளுக்கும் நடுவில் சேர்த்துக்கொள்ளும் பிழை, நீங்கள் பிடிக்க நினைக்கும் 65 மைக்ரோவோல்ட்டைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அதனால்தான் இரண்டு உள்ளீடுகளையும் தரையில் இணைத்தாலும் வெளியீடு சுழியில் நிற்பதில்லை. ஒரு சிப்பில் மேலே போய் ஒட்டும், அதே பட்டையில் வாங்கிய அடுத்த சிப்பில் கீழே போய் ஒட்டும். சிப் கெட்டுப்போகவில்லை. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெருக்கமும் நிலையான எண் அல்ல. 741சி டேட்டாஷீட்டில் வழக்கமான அளவு 200,000, குறைந்தபட்சம் 20,000. பத்து மடங்கு வித்தியாசம். இதற்கு மேல் நம் ஊர் வெப்பம். எல்எம்358ன் ஆஃப்செட் ஒரு டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் அளவில் நகரும். 23 டிகிரி குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் சரிசெய்த சுற்றை, 31 டிகிரி இருக்கும் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனால் 8 டிகிரிக்கு 56 மைக்ரோவோல்ட். அதை 100,000ஆல் பெருக்கினால் 5.6 வோல்ட், 5 வோல்ட் சப்ளையையே தாண்டுகிறது. பின்னூட்டம் இல்லாமல் "நடுவில் நிற்கும்படி" ட்ரிம்மரைத் திருகித் திருகி மாலை முழுவதையும் தொலைக்க வேண்டாம்.

200,000 என்பது நேர்மின்னோட்டத்துக்கு மட்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1968ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741ல், பின்னூட்டம் கொடுத்தாலும் அலைவு கிளம்பாமல் இருக்க 30 பிகோஃபாரட் மின்தேக்கியைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். அதனால் 741க்கு வெளியே தனி மின்தேக்கி தேவைப்படவில்லை. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், பெருக்கம் 5 ஹெர்ட்ஸ் அளவிலேயே இறங்கத் தொடங்கி 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1,000 ஆகிவிடும். வெளியீடு நகரும் வேகமும் மைக்ரோவினாடிக்கு அரை வோல்ட்தான். மைனஸ் 13லிருந்து பிளஸ் 13 போக 52 மைக்ரோவினாடி. போக 52, வர 52. ஆகவே 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைப் பின்னூட்டமின்றிக் கொடுத்துவிட்டுச் சதுர அலையை எதிர்பார்த்தால், திரையில் முக்கோணம்தான் வரும்.

மீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. "வெளியீடு 1.75 வோல்ட் காட்டுகிறது, நடுவில் நிற்கிறதே" என்பார்கள். நிற்கவில்லை. உள்ளீட்டுக் கால் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். சுவரில் ஓடும் 230 வோல்ட் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது பிடிக்கும். வெளியீடு சுழிக்கும் 3.5க்கும் இடையே வினாடிக்கு ஐம்பது முறை தாவும். மீட்டர் அதன் சராசரியைக் காட்டுகிறது. ஆசிலோஸ்கோப் இருந்தால் ஒரு நொடியில் தெரியும். இல்லையென்றால் மீட்டரை ஏசி அளவுக்குத் திருப்புங்கள். அங்கேயும் பெரிய எண் வந்தால் வெளியீடு ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பின்னூட்டமில்லாத ஆப்-ஆம்புக்குப் பயனுள்ள வேலை ஒன்றே: ஒப்பிடுவது. தாழ்வாரத் தொட்டிச் செடிக்கு ஈரம் பார்ப்பது, இருட்டினால் விளக்கு போடுவது போன்ற மெதுவான வேலைகளுக்கு எல்எம்358 போதும். ஆனால் கையில் கிடைத்த ஆப்-ஆம்பை எல்லாம் அங்கே செருகாதீர்கள். என்இ5532ன் இரண்டு உள்ளீடுகளுக்கும் நடுவில் எதிரெதிராக டயோடுகள் இருக்கின்றன, வித்தியாசம் 0.6 வோல்ட்டைத் தாண்டினால் ஓர் உள்ளீடு மற்றதை இழுக்கும், உங்கள் ஒப்பீட்டு அளவே நகர்ந்துவிடும், மின்தடை சிறிதாக இருந்தால் சிப்பும் போகும். பழைய டிஎல்072ல் உள்ளீடு மைனஸ் சப்ளையை நெருங்கினால் வெளியீடு தலைகீழாகப் புரளும்.

இதற்குச் சரியான பொருள், ஒப்பிடுவதற்கென்றே செய்த எல்எம்393 சிப். சிங்கப்பூர் சிம் லிம் டவரில் 358, 393 இரண்டும் கிடைக்கும், இரண்டுக்கும் எட்டுக் கால், பின் வரிசையும் ஒன்றே. மேலே அச்சிட்ட எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்எம்393 தானாக வெளியீட்டை மேலே தூக்காது, கீழே மட்டும் இழுக்கும். 1ஆம் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் போட வேண்டும். இதைப் போடாமல் "வெளியீடே வரவில்லை" என்று சிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபக்கம், பின்னூட்டம் கொடுத்த பெருக்கிச் சுற்றில் ஆப்-ஆம்புக்குப் பதிலாக 393ஐப் போடாதீர்கள். அலைவைத் தடுக்கும் மின்தேக்கி அதற்குள் இல்லை.

அந்திவிளக்குச் சுற்றில் வரும் அடுத்த புகார், மாலை ஏழு மணியை ஒட்டி ரிலே படபடவென்று அடிப்பது. வெளிச்சம் மெதுவாகக் குறைகிறது. தாழ்வார விளக்கின் 100 ஹெர்ட்ஸ் நடுக்கமும், வெளிச்சத்துக்கேற்ப மாறும் மின்தடையான எல்டிஆரில் சேர்கிறது. ஒப்பீட்டு அளவைச் சுற்றி மின்னழுத்தம் பல முறை ஏறி இறங்குகிறது. சிறிது ஹிஸ்டெரிசிஸ் வேண்டும். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே இரண்டு 10 கிலோஓம் போட்டு, நடுப்புள்ளியை 3ஆம் பின்னில் இணையுங்கள். எல்டிஆர் மின்னழுத்தப் பிரிப்பியின் நடுப்புள்ளியை 2ஆம் பின்னில் கொடுங்கள். 1ஆம் பின்னிலிருந்து 3ஆம் பின்னுக்கு 470 கிலோஓம். ஏறும் அளவுக்கும் இறங்கும் அளவுக்கும் நடுவே ஏறத்தாழ 50 மில்லிவோல்ட் இடைவெளி வந்துவிடும், படபடப்பு நிற்கும். 8க்கும் 4க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சிப்பை ஒட்டியே வையுங்கள், பலகையின் மறுகோடியில் அல்ல.

மைக்ரோகன்ட்ரோலருடன் சேர்ப்பவர்கள் எல்லையை இன்னொரு முறை கணக்கிடுங்கள். எல்எம்358க்கு 3.3 வோல்ட் கொடுத்தால் மேல் எல்லை 1.8 வோல்ட்தான், ஈஎஸ்பி32 அதை உயர்நிலை என்று ஏற்காது. 12 வோல்ட் கொடுத்தால் 10.5 வோல்ட் வரும். அதை நேரடியாகப் பின்னில் கொடுத்தால் கன்ட்ரோலர் போய்விடும். 393ல் இந்தத் தொல்லை இல்லை: சிப்புக்கு 12 வோல்ட் இருந்தாலும் 4.7 கிலோஓம் மின்தடையை 3.3 வோல்ட்டில் கட்டினால் வெளியீடு 3.3ஐத் தாண்டாது.

ஆஃப்செட்டை உண்மையிலேயே அளக்க வேண்டும் என்றால் பின்னூட்டத்தோடு அளங்கள். இரட்டைச் சப்ளை, இரண்டு 9 வோல்ட் பேட்டரி போதும். பிளஸ் உள்ளீடு தரையில், மைனஸிலிருந்து தரைக்கு 100 ஓம், வெளியீட்டிலிருந்து மைனஸுக்கு 100 கிலோஓம். வெளியீடு 2 வோல்ட் காட்டினால் ஆஃப்செட் 2 மில்லிவோல்ட்.

கடைசியாக, பலகைகளில் மிக அதிகம் கண்ணில் படும் குறை. எல்எம்358ல் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கின்றன. ஒன்றைப் பயன்படுத்திவிட்டு மற்றதன் 5 (பிளஸ்), 6 (மைனஸ்), 7 (வெளியீடு) ஆகிய கால்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அல்லது 5, 6 இரண்டையும் தரையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே பின்னூட்டமில்லாத ஆப்-ஆம்ப்தான். அது ஓர் எல்லையில் போய் ஒட்டும், அல்லது ஆடி இரைச்சல் கிளப்பி அண்டை ஆப்-ஆம்பையும் கெடுக்கும். 7ஐ 6உடன் ஒரு கம்பியால் இணையுங்கள். 5ஐ இரண்டு 100 கிலோஓம் மின்தடைகளால் சப்ளையின் நடு அளவில், 5 வோல்ட்டுக்கு 2.5ல், நிறுத்துங்கள். பலகையை வரையும்போதே இதைச் செய்துவிடுங்கள். சாலிடர் போட்ட பிறகு அந்தக் கால்களுக்குக் கம்பி இழுப்பது பெரும்பாடு.