ஒரு சக்கரம் சேற்றில் சுழலும்போது மற்றது ஏன் சும்மா நிற்கிறது?

மெல்போர்னில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேலையிடத்து நண்பர்களோடு கிழக்கு விக்டோரியா மலைகளுக்கு மான் வேட்டைக்கும், கூடாரம் போட்டுத் தங்கவும் போகத் தொடங்கியிருக்கிறாராம். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்று வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு 1990களின் நிசான் பேட்ரோல் ஒன்றும், அதே காலத்து டொயோட்டா லேண்ட் குரூசர் 80 ஒன்றும் அகப்பட்டிருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

அவர் தேடிப் போகும் மான் நமக்குத் தெரிந்ததுதான். கடமான், தென் மாவட்டங்களில் மிளா, இலங்கையில் மரை. 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுபோய் விக்டோரியாவில் விட்டார்கள். அங்கே பெருகிவிட்டதால் உரிமம் வைத்திருப்பவர்கள் வேட்டையாடலாம். நம் ஊரில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொட்டாலே சிறை. வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும். நனைந்த களிமண் பாதையில் அந்தக் கறியையும் கூடாரத்தையும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு மேடேற வேண்டும் என்றால் வண்டி உண்மையிலேயே ஏற வேண்டும். இன்ஜின் எத்தனை குதிரைசக்தி என்பது இதில் இரண்டாம்பட்சம். முதலில் டிஃபரன்ஷியலைப் புரிந்துகொள்ளுங்கள்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் 2 × π × 1.5, அதாவது சுமார் 9.4 மீட்டர். வட்டம் கோயில் குளத்தைச் சுற்றும் அளவானாலும் சரி, ஊரையே சுற்றும் அளவானாலும் சரி, வித்தியாசம் அதே 9.4 மீட்டர்தான். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வட்டத்தின் ஆரம் கணக்கிலிருந்து கழன்று விழுந்துவிடும். எத்தனை முறை போட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டினால் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். அதனால் தண்டை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு பற்சக்கரக் கூட்டை வைத்தார்கள். அதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜின் சுற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தோடு சேர்ந்து அந்தக் கூடு சுற்றும். கூட்டின் குறுக்கே ஓடும் ஊசியில் சிறு பற்சக்கரங்கள் கோத்திருக்கும். அவற்றின் இடப்பக்கப் பற்கள் இடது அரைத்தண்டையும், வலப்பக்கப் பற்கள் வலது அரைத்தண்டையும் தள்ளும். நேராகப் போகும்போது சிறு சக்கரங்கள் தம் ஊசியில் அசையாமல், கூட்டோடு சேர்ந்து சுற்றிவருகின்றன. திரும்பும்போது அவையும் மெல்ல உருளும். ஒரு பக்கம் எவ்வளவு வேகம் குறைகிறதோ அவ்வளவு மறுபக்கம் கூடும்.

ஏர் உழுததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நுகத்தடியின் நடுவில் ஏர்க்காலைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், இரு முனையிலும் மாடுகள். வரப்போரம் திரும்பும்போது வெளிமாடு எட்டிப் போடும், உள்மாடு நின்ற இடத்திலேயே கால் மாற்றும், நுகத்தடி சாய்ந்து கொடுக்கும். டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரம் ஓயாமல் சுற்றும் ஒரு நுகத்தடிதான். நடுவில் தள்ளுகிறோம், இரு முனைக்கும் விசை சமமாகப் போகிறது.

சமமாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால், மற்றது எவ்வளவு பலசாலியானாலும் நுகத்தடி சுற்றிக்கொள்ளுமே தவிர ஏர் நகராது. அதேபோல, சேற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை என்றால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த முறுக்குவிசையே போதும். டிஃபரன்ஷியல் மறுபக்கத்துக்கும் அதே குறைந்த அளவைத்தான் கொடுக்கும். காய்ந்த பாறைமேல் உட்கார்ந்திருக்கும் நல்ல சக்கரம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சேற்றுச் சக்கரம் குழிதான் பறிக்கும்.

இயந்திரவியல் மாணவர்கள் இதைத் தேர்வில் படத்தோடு எழுதுகிறார்கள். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் பலர் அதைக் கையால் தொட்டதே இல்லை. காயலான் கடையில் கிடைக்கும் ஒரு பழைய டிஃபரன்ஷியலைப் பாதி அறுத்துப் பள்ளி ஆய்வக மேசையில் வைத்தால் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றிப் பார்த்தே புரிந்துகொள்ளும். ஸ்மார்ட் போர்டுக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கு இதற்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, நான்கு சக்கரத்துக்கு வருவோம். பேட்ரோலில் லிவரைப் போட்டதும், இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஆனால் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் தனித்தனி நுகத்தடி இருக்கிறதே. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிமானம் இழந்தால் வண்டி நின்றுவிடும். குண்டும் குழியுமான பாதையில் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்குவது அன்றாடக் காட்சி. பேட்ரோல்கள் பலவற்றில் பின்னால் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உண்டு. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் உராய்ந்து நல்ல சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விசை தரும். முப்பது வருஷத்தில் அந்தத் தகடுகள் தேய்ந்திருக்கலாம். லேண்ட் குரூசர் 80இல் எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகை உண்டு. அதில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவது நுகத்தடி ஒன்று இருக்கிறது. அது பூட்டிக்கொள்ளாவிட்டால் நான்கில் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலே வண்டி நிற்கும். லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர், போட்டதும் அது பூட்டிக்கொள்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வாங்கிய பழைய ஜிப்சி, அதாவது ஆஸ்திரேலியாவில் சியரா என்ற பெயரில் ஓடும் சுசுகியின் உறவுக்கார வண்டி, கோவில்பட்டிப் பக்கம் ஒரு மழைநாளில் கரிசல் மண்ணில் சிக்கியது. லிவர் நான்கு சக்கரத்தில்தான் இருந்தது. இறங்கி, முன்சக்கரத்தை அதன் அரைத்தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் இரண்டையும் 'லாக்' என்ற இடத்துக்குத் திருகியிருந்தேன். இருந்தும் பின்சக்கரம் மட்டுமே சுற்றியது. மறுநாள் மெக்கானிக் ஹப்பைக் கழற்றிக் காட்டினார்: இடது ஹப்பின் உள்பற்கள் மழுங்கிப் போயிருந்தன. அந்த ஒரு ஹப் பிடிக்காததால் இடது அரைத்தண்டு தனியாகச் சுழன்றது. அந்த நொடியே நல்ல வலது சக்கரத்துக்கும் விசை இல்லாமல் போனது. மாடு ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போன கதைதான்.

இதை வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. சரளை மண் தரை ஒன்றுக்கு வண்டியை ஓட்டிச் சென்று, ஹப்புகளைப் பூட்டி, நான்கு சக்கரத்தில் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகருங்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. பூட்டிய வண்டியில் இந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லை. வண்டி திமிறும், ஸ்டியரிங் கனக்கும், டயர் சரளையைச் சீய்க்கும். லேண்ட் குரூசரானால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிய பிறகு இதையே செய்யுங்கள். வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு திரும்பினால் எங்கோ ஒரு பூட்டு விட்டுப்போயிருக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் வேண்டாம்; சீய்க்க இடமில்லாத அழுத்தம் பற்சக்கரங்களில் இறங்கிவிடும்.

அடுத்து, டிஃபரன்ஷியல் எண்ணெய். வண்டி ஓடி ஓடிச் சூடான நேரத்தில் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 80 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு வந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதைச் சரிக்கட்டத்தான் ஆக்சில்மேல் 'ப்ரீதர்' என்ற மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். சேறு அதை அடைத்திருந்தால் ஆக்சில் சீல் வழியாக ஆற்றுநீரை உறிஞ்சிவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தேன் நிறமோ கருப்போ பரவாயில்லை, பால் விட்ட டீ நிறம் கூடாது.

வண்டியின் அடிச்சட்டத்தை (சேஸி) சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, கடற்கரையில் படகு இறக்கிய வண்டிகளைத் தவிர்ப்பது, முன்சக்கரக் கணுக்களில் எண்ணெய் வழிகிறதா என்று பார்ப்பது இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வார். ஆனால் ஒரு நம்பிக்கையை மட்டும் வண்டியோடு வாங்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் எங்கும் வழுக்காது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். சாதாரணக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்குத்தான். ஈரச் சரிவில் உங்களை நிறுத்துவது டயரும் மண்ணும். இறங்கும்போது உதவுவது லோ ரேஞ்ச் கியரின் இழுவை. இந்த மூடநம்பிக்கை ஆளைக் கொல்லும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் பேட்ரோலைச் சொல்வேன். பூட்டுகள் எளிமையானவை, சோதிப்பதும் எளிது. இதை வாசகருக்கு முதலிலேயே சுருக்கமாக எழுதியிருந்தேன். போன சனிக்கிழமை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: பேட்ரோலின் பின் ஆக்சிலுக்கு அடியில் படுத்தபடி நீட்டிய ஆள்காட்டி விரல், அதன் நுனியில் பால் விட்ட டீ. இப்போது வேறொரு பேட்ரோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.