குமிழைக் குறை சொல்லும் முன்

மாரி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு கராஜ்களில் கேட்கும் முறைப்பாடு இது: வாங்கிப் பொருத்திய செனன் முன்விளக்குகளில் ஒரு பக்கம் எரியவில்லை, அல்லது பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்துபோகிறது. உடனே புதுக் குமிழ் தேடி உதிரிப்பாகக் கடைக்கு ஓடுகிறோம். அந்தப் பணம் பல வேளைகளில் வீணாகிறது. குமிழுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

ஹலஜன் குமிழில் ஒரு தங்ஸ்தன் இழை சூடேறி ஒளிர்கிறது. செனன் குமிழில் இழையே கிடையாது. விரல் நுனியளவு குவாட்ஸ் உறைக்குள் இரண்டு தங்ஸ்தன் முனைகள் எதிரெதிரே நிற்கின்றன. இடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். சுற்றிலும் உயர் அழுத்தத்தில் செனன் வாயு, அதனோடு சோடியம், ஸ்கண்டியம் போன்ற உலோகங்களின் அயடைட்டு உப்புகள். வாயு இலேசில் மின்னைக் கடத்தாது. அதை உடைத்துப் பொறி பாயவைக்க 20,000 வோல்ற்று அளவில் ஓர் அடி வேண்டும். பொறி பாய்ந்ததும் செனன் ஒளிரும். சூடு ஏற ஏற உப்புகள் ஆவியாகி முழு வெளிச்சம் வரும். அதன்பின் முனைகளுக்கிடையே தொடர்ந்து பாயும் அந்த மின்வில்லைத் தாங்கிக்கொள்ள, குமிழின் வகையைப் பொறுத்து, 85 அல்லது 42 வோல்ற்று போதும். 12 வோல்ற்று பற்றரியை வைத்துக்கொண்டு இத்தனையையும் செய்து கொடுப்பது பலாஸ்ட் என்ற சிறிய பெட்டி.

35 வாற்று செனன் நிலையாக எரியும்போது சுமார் 3 அம்பியர்தான் எடுக்கும். 55 வாற்று ஹலஜன் எடுப்பதை விடக் குறைவு. ஆனால் பற்றவைத்த முதல் சில செக்கன்களில் சில பலாஸ்ட்கள் 15 அம்பியர் வரை இழுக்கின்றன. வாகனத்தின் மெல்லிய வயர் அந்தச் சுமைக்காகப் போடப்பட்டதல்ல. வயரிலும் இணைப்புகளிலும் சேர்த்து வெறும் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 அம்பியரில் இழப்பு 0.3 வோல்ற்று, யாருக்கும் தெரியாது. 15 அம்பியரில் அதே தடை 1.5 வோல்ற்றை விழுங்கிவிடுகிறது. பற்றரியும் சற்றுத் தளர்ந்திருந்தால், பலாஸ்ட் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள நின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது எரிகிற விளக்கு, நிறுத்தியிருக்கும்போது எரிய மறுத்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் விழ வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, இடது குமிழை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றுங்கள். குவாட்ஸ் உறையில் விரல் படக்கூடாது. எரியும்போது குமிழுக்குப் போகும் உயர் மின்னழுத்த வயரைத் தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கோளாறு குமிழோடு சேர்ந்து மறுபக்கம் போனால் குமிழ்தான் பழுது. இருந்த பக்கத்திலேயே நின்றால் பலாஸ்டையும் இதேபோல மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் குற்றம் வயரில், ரிலேயில் (சிறு மின்னால் பெரிய மின்னைத் திறந்து மூடும் சுவிட்ச்), அல்லது எர்த்தில் (வாகனத்தின் உடல் வழியாக மின் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு).

நமது பக்கத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எர்த்தைத்தான். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. கல்லடியிலோ காத்தான்குடியிலோ இரவு முழுக்க வெளியே நிற்கும் வாகனத்தில் உப்புக் காற்று படியாத இடமில்லை. எர்த் வயரின் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும்; அது அமர்ந்திருந்த இடத்தில் பெயின்ற் அப்படியே இருக்கும், நடுவில் மட்டும் துருப்பிடித்த ஒரு வட்டம். பொருத்தியவர் பெயின்ற்றைச் சுரண்டாமலே ஆணியை முறுக்கியிருக்கிறார். உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் தடவினால் பல இமைப்புகள் அன்றோடு நின்றுவிடும். பற்றரியிலிருந்து நேரடியாக, பியூஸ் வைத்து, ரிலே வழியாகத் தடித்த வயர் இழுப்பது இன்னும் நல்லது.

ஈரம் இன்னொரு வழியாகவும் புகுகிறது. வயரைக் கொண்டுபோக விளக்கின் பின்மூடியில் துளையிடுவார்கள். அங்கே இறப்பர் வளையம் சரியாக அமரவில்லையென்றால் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படியும். உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியே கசிந்து ‘டிக் டிக்’ என்று வெடிக்கும். உள்ளே இருக்கும் பளபளப்பான தெறிப்பியும் நாளடைவில் மங்கும்.

பல பழைய ஜப்பானிய வாகனங்களில் எச்4 வகை ஹலஜன் குமிழின் நேர்முனை எப்போதும் இணைந்திருக்கும், சுவிட்ச் மறைமுனையைத்தான் துண்டிக்கும். ஹலஜனுக்கு எந்தப் பக்கமாக மின் வந்தாலும் ஒன்றுதான், பலாஸ்ட் அப்படியல்ல. இதை அறியாமல் இணைத்தால் எல்லாம் புதிதாக இருந்தும் ஒன்றும் எரியாது. புதிய வாகனங்களில் சிக்கல் வேறு. குமிழ் நலமா என்று பார்க்கக் கணினி சிறு மின்துடிப்புகளை அனுப்பும், அல்லது மின்னைத் துண்டு துண்டாகவே கொடுக்கும். பலாஸ்ட் அதைச் சுவிட்ச் போட்டு அணைப்பதாக எடுத்துக்கொண்டு இமைக்கும். அதற்கென விற்கும் இணைப்பியைச் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

நிறம் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் குமிழ் முதிர்ந்துவிட்டது. அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தொழிற்சாலையில் பொருத்தப்படும் செனன் பெரும்பாலும் 4300 கெல்வின் அளவில் இருக்கும்; இது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, கூடக் கூட நீலமாகும். 8000 கெல்வின் நீலம் பார்க்க அழகாக இருந்தாலும் வீதிக்குத் தரும் வெளிச்சம் குறைவு.

மின்னை அளக்கும் மல்டிமீற்றர் காட்டாத ஒரு கோளாறும் உண்டு. என்னை அதிகம் வருத்துவது அதுதான். ஹலஜன் விளக்கின் தெறிப்பி, இழை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. மின்வில்லோ சற்று மேல்நோக்கி வளைந்தது. முனைகளுக்கு அருகே மிகப் பிரகாசமானது. ஒளியும் அதிகம்: எச்7 வகை ஹலஜன் 1500 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) தந்தால் 35 வாற்று செனன் 3200 லூமென் அளவில் தரும். குவியம் தப்பிய அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 48ஆம் இலக்க ஒழுங்குவிதி, தாழ்விளக்கின் ஒளிமூலம் 2000 லூமெனைத் தாண்டினால் விளக்கின் கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று வகுத்தது இந்தக் கூச்சத்தை எண்ணித்தான்.

களுவாஞ்சிக்குடி, கல்முனை வழியாகப் போகும் வீதியிலும் வாகரைப் பக்கமும் இரவில் மாடுகள் தாரில் படுத்துக் கிடக்கும். விளக்கில்லாத சைக்கிள்கள் ஓரமாக வரும். எதிரே வரும் சாரதிக்குக் கண் கூசிய சில கணங்களில் அவை தெரியாமல் போகும்.

ஆகவே செனன் போடுவதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். சமதரையில், ஒரு சுவருக்கு எதிரே வாகனத்தை நிறுத்தி, ஹலஜன் தாழ்விளக்கின் மேல்விளிம்பைச் சோக்கால் கோடிட்டுக்கொள்ளுங்கள். குமிழை மாற்றிய பின் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒளி கோட்டுக்குமேல் சிதறினால், குமிழ் அதன் இருக்கையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் சிதறினால் அந்த விளக்குக்கூடு செனனுக்கு ஏற்றதல்ல. நல்ல ஹலஜன் குமிழையே திரும்பப் போடுங்கள். செனன்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே செய்த, வில்லை வழியே ஒளியைக் குவிக்கும் புரொஜெக்டர் விளக்கை முழுத் தொகுதியாக மாற்றுவதே சரியான வழி.