திருமுழுக்கு: கொடுப்பதா, எடுப்பதா?

கிறிஸ்தவ சபையில் ஒருவரைத் தண்ணீரால் சேர்க்கும் சடங்குக்குத் திருமுழுக்கு, ஞானஸ்நானம் என்று இரண்டு பெயர். தேவகோட்டைப் பக்கம் ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டில் பிள்ளை பிறந்தால், "ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். காரைக்குடியில் பெந்தெகொஸ்தே சபைக்குப் புதிதாகப் போகிறவரிடம், "ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்பார்கள். சொல் ஒன்றுதான், வினைதான் வேறு. கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். எடுக்க வேண்டுமானால் எடுக்கிறவரே மனசு வைக்க வேண்டும். குழந்தைக்கே கொடுக்கலாமா, வளர்ந்து விசுவாசித்த பிறகுதான் எடுக்க வேண்டுமா என்ற பல நூற்றாண்டு வாதம் இந்த இரண்டு வினைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

கிரேக்க மூலச்சொல் 'பாப்டிசோ'. தோய், அமிழ்த்து என்று பொருள். அதன் வேரான 'பாப்டோ' சாயம் தோய்ப்பதற்கும் வழங்கியது. கண்டாங்கிச் சேலைக்கு நூலைச் சாயத்தில் முக்குகிறார்களே, அதுமாதிரி. தமிழில் முதலில் நிலைத்தது 'ஞானஸ்நானம்'. இரண்டு பாதியும் வடமொழி. கிறிஸ்தவத் தமிழில் 'ஞான' என்ற முன்னொட்டுக்கு ஆவிக்குரிய என்றுதான் பொருள்: ஞானத்தகப்பன், ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்பவர்கள்), ஞானப்பாட்டு. இதை அறிவு என்று எடுத்துக்கொண்டு, "ஞானமே வராத பிள்ளைக்கு எதற்கு ஞானஸ்நானம்?" என்று சிலர் மடக்குவார்கள். அது செல்லாது. மூலச்சொல்லில் ஞானமே கிடையாது, தோய்ப்பதுதான் இருக்கிறது.

நல்ல தமிழ்ச்சொல் 'திருமுழுக்கு'. இன்றைய கத்தோலிக்க வழக்கும் இதுவே. முழுகுவதிலிருந்து வந்தது முழுக்கு. ஆகவே முங்கி எழுபவர்களுக்குப் பொருந்தும். ஆனால் செட்டிநாட்டு நகரக்கோயில்களில் குடமுழுக்கு நடக்கும்போது கலசம் தண்ணீருக்குள் போவதில்லை, குடத்து நீரை அதன்மேல் ஊற்றுகிறார்கள். இறைவனுக்குச் செய்யும் அபிஷேகத்துக்கும் முழுக்காட்டு என்றே பெயர். அமிழ்வது, மேலே ஊற்றுவது இரண்டையும் தமிழ் இந்த ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எந்தக் கட்சிக்கும் சாயாத இப்படி ஒரு சொல் கிடைத்தது நம் பேறு.

சரி, அந்த வாதம் என்ன? குழந்தைக்குக் கொடுப்பவர்கள், பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதைக் காட்டுவார்கள். யூதர்கள் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் செய்யும் விருத்தசேதனத்தின் (நுனித்தோல் நீக்கும் சடங்கு) இடத்தில் இது வந்தது என்பதற்கு கொலோசெயர் 2ஆம் அதிகாரம். பிறவியிலேயே ஒட்டிவரும் ஜென்மப் பாவம் கழுவப்பட வேண்டும் என்பது இன்னொரு காரணம். மறுப்பவர்களுக்கு மாற்கு 16:16 போதும்: விசுவாசம் முன்னே, ஞானஸ்நானம் பின்னே. கி.பி. 200 வாக்கிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிள்ளைகள் வளரும்வரை பொறுக்கலாமே என்று எழுதினார். வழக்கமும் இருந்தது, மறுப்பும் கூடவே இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சிலர், குழந்தையில் பெற்றதைக் கணக்கில் கொள்ளாமல், பெரியவர்களாகத் திருமுழுக்கு எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5 அன்று லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்டனைக்கும் அதே தண்ணீரைத் தேர்ந்தெடுத்த கொடுமையை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

எவ்வளவு தண்ணீர் என்பது தனிக் கேள்வி, அதை வயதோடு குழப்பக் கூடாது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினர் கைக்குழந்தையையே முழுசாக அமிழ்த்தி எடுக்கிறார்கள். செட்டிநாட்டில் முங்குவதற்குத் தண்ணீர் கிடைப்பதே ஒரு பாடு. குடிநீர் ஊருணியில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். கண்மாய் பெருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சபைக்குள்ளேயே தொட்டி கட்ட வேண்டும்.

குழந்தைக்குக் கொடுக்கும் சபையும் பெரியவர்களை விலக்கவில்லை. மறவ நாட்டில் (ராமநாதபுரம் சீமை) கத்தோலிக்கக் குரு அருளானந்தரிடம் மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றது வளர்ந்த மனிதராக. அதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். அதனால் மூண்ட பகையில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டார்.

'குழந்தைத் திருமுழுக்கு', 'விசுவாசத் திருமுழுக்கு' என்று எழுதினால் இரு தரப்புக்கும் மரியாதை. குழந்தையில் பெற்றவர் பெரியவராகித் திரும்ப எடுப்பதை 'மறுமுழுக்கு' என்று சொல்வதுண்டு; அந்தச் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். எடுப்பவர் அதைத் தன் முதல் முழுக்கு என்கிறார். அவரைக் கையில் ஏந்திக் கொடுத்த ஞானத்தாய்க்கோ, அது தான் நின்று செய்ததை இல்லை என்று சொல்வதாகப் படுகிறது.