கொள்கை மாறிடுச்சுன்னு திட்டுறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க

தேர்தல் வந்துட்டா எங்க ஆபீஸ்ல வேட்புமனு வேலைதான், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் ஃபாரம் ரெடி பண்ணிக் குடுப்போம். மனு தாக்கல் பண்ணவர் தேர்தல் அலுவலர் முன்னாடி ஒரு உறுதிமொழியும் எடுக்கணும், பரிசீலனைக்கு முன்னாடியே முடிச்சிடணும், இல்லைன்னா மனு தள்ளுபடி. அதுல இந்தியாவோட இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்னு ஒரு வரி வரும். முக்காவாசிப் பேர் மூச்சு விடாம படிச்சுட்டு கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய நிக்கிற மைக்குக்கு ஓடிடுவாங்க. காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் எம்எல்ஏ, எம்பிக்கு நிக்கிற எல்லாரும் அந்த வரியைச் சொல்றதுக்கு நம்ம ஊர்க் கட்சி ஒண்ணுதான் பெரிய காரணம்னு சொன்னா நம்பவே மாட்டாங்க.

1949ல ராயபுரத்துல திமுக ஆரம்பிச்சப்ப திராவிட நாடுங்கற தனி நாடுதான் லட்சியம். 1956 திருச்சி மாநாட்டுல தேர்தல்ல நிக்கலாம்னு முடிவு பண்ணாங்க, என்னைக் கேட்டா உண்மையான திருப்பம் அங்கயே வந்துடுச்சு, ஏன்னா ஓட்டு கேக்கப் போனா அரிசி விலையையும் பேசித்தான் ஆகணும். 1961ல கட்சியோட முக்கியத் தலைவர் ஈ.வெ.கி. சம்பத் தனி நாடு நடக்காத காரியம்னு சொல்லிட்டு கட்சியை விட்டு வெளிய போனார். 1962ல 50 சீட் ஜெயிச்சாங்க, அண்ணா காஞ்சிபுரத்துல தோத்துட்டு ராஜ்யசபா போயி அங்கயும் பிரிவினையைத்தான் பேசினார். அதே வருஷம் அக்டோபர்ல சீனப் போர், உடனே அரசாங்கத்துக்கு ஆதரவுன்னு அறிவிச்சார். அப்புறம் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையில இருந்த தேசிய ஒருமைப்பாட்டு கமிட்டி பரிந்துரைப்படி 1963ல அரசியலமைப்புச் சட்டத்துல 16ஆவது திருத்தம் வந்துச்சு, வேட்பாளர் உறுதிமொழி எடுக்கணும்ங்கறதே அதுலதான் வந்தது. தனி நாடு கேட்டுக்கிட்டு அந்தப் பேப்பர்ல எப்படிக் கையெழுத்து போடுறது? கோரிக்கையைக் கைவிட்டாங்க.

பயந்துட்டாங்கன்னு ஒரு கோஷ்டி, ராஜதந்திரம்னு ஒரு கோஷ்டி, எனக்கு ரெண்டுமே அரைகுறையாத்தான் படுது. கேட்டது அடியோட போகல, உருவம் மாறுச்சு: 1967ல ஆட்சியப் பிடிச்சாங்க, 1969ல மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு, 1974ல சட்டமன்றத்துல மாநில சுயாட்சித் தீர்மானம்.

இப்ப வாட்ஸ்அப்ல என்ன நடக்குதுன்னா 1960 பேச்சு ஒண்ணையும் இப்ப உள்ள பேச்சு ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி பாத்தியா துரோகம்னு அனுப்புறாங்க, நடுவுல ஒரு சட்டத் திருத்தமே வந்தது அதுல இருக்காது. எல்லாக் கட்சிக்கும் இதே கதைதான். இன்னொண்ணும் கவனிங்க, கட்சி விதியில இருக்கறது வேற, தேர்தல் அறிக்கை வேற, ஆட்சிக்கு வந்தப்புறம் போடுற அரசாணை வேற. மதுவிலக்கை திமுக அரசு 1971ல தளர்த்திட்டு 1974ல திரும்பக் கொண்டு வந்தாங்களே, அதுல கஜானா வருமானக் கணக்கும் இருக்கு, அதைப் போயி லட்சியத்தையே மாத்துனதோட சேத்துப் பேசக் கூடாது.

கட்சி விதியைப் படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவுப்படி பதிவு கேக்குற கட்சி சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் இதுக்கெல்லாம் விசுவாசமா இருப்போம்னு விதியிலயே எழுதியாகணும், அதனால சோஷலிசத்தை மேடையில கிழிக்கிற கட்சியோட விதியிலயும் அந்த வார்த்தை சமத்தா உக்காந்திருக்கும்.