'ஒளி வளைவு' என்றால் வளைவது எது?

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவைக் கொண்டு புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, தேடுவது எப்படி என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. மெய்ப்புப் பார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தார்கள். லைட் கர்வ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாலு பக்கத்தில் ஒன்பது இடத்தில் 'ஒளி வளைவு'. ஏழாவது இடத்தில் வந்த வாக்கியம் இது: 'கோள் குறுக்கிடும்போது விண்மீனின் ஒளி வளைவில் பள்ளம் ஏற்படுகிறது.' கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவில் பள்ளம் என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு மனுப் போடலாம். விண்மீனில் விழுந்த பள்ளத்துக்கு யாரிடம் போவது?

ஒரு மேடையிலும் இதே சொல்லைக் கேட்டேன், ஒரு காணொளியிலும் கேட்டேன். பேசாமல் இருந்துவிட்டேன். எழுத்தில் ஒன்பது தடவை பார்த்த பிறகு பொறுமை போய்விட்டது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். லைட் கர்வ் என்பது ஒரு வரைபடம். கிடையாக நேரம், செங்குத்தாக ஒரு விண்மீன் எவ்வளவு பொலிவாகத் தெரிகிறது என்ற அளவு. அவ்வளவுதான். கர்வ் என்ற சொல் வளைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கணக்கில் புழங்கிப் புழங்கி, தாளில் இழுத்த எந்தக் கோட்டுக்கும் பெயராகிவிட்டது. நேர்கோடுகூட அங்கே ஒரு கர்வ்தான். ஆங்கிலத்தில் தேய்ந்து போன அந்த வளைவை நாம் எடுத்துத் துலக்கி நடுவீட்டில் வைத்திருக்கிறோம்.

பொருள் பழையது. 1783இல் யார்க் நகரத்தில் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர், அல்கோல் என்ற விண்மீன் ஏறத்தாழ 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கித் தெளிகிறது என்று கண்டு சொன்னார். இருண்ட பொருள் ஒன்று அதன் குறுக்கே வந்து மறைப்பதாக இருக்கலாம் என்றும் ஊகித்தார். 21 வயதில் இறந்து போனவர். சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சனின் கீழ் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனை, அதாவது பொலிவு மாறிக்கொண்டிருக்கும் விண்மீனை, கண்டுபிடித்தார். இவர்கள் கண்ணால் பார்த்து இரவிரவாகக் குறித்து வைத்ததைத்தான் கெப்ளர் 2009 முதல் வானத்தில் செய்தது. அன்னம், யாழ் விண்மீன் கூட்டங்களின் பக்கம் திரும்பி, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருந்தது. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் ஒளி ஒரு விழுக்காடு குறையும். பூமி அளவென்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அந்தக் கோட்டைத் தாளில் பார்த்தால் பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு சின்னச் சரிவு. சொல்லப்போனால் அது கோடே இல்லை, புள்ளிகள். வளைவு எங்கே?

'ஒளி வளைவு' பிடிவாதக்காரர்களுக்கு மூன்று வாதம் உண்டு. சின்னச் சொல், ஏற்கெனவே பரவிவிட்டது, இடத்தைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார். அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்த தம்பியும் தொலைபேசியில் இதையேதான் சொன்னார். 'சார், எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. கர்வ்னா வளைவுதானே?'

இல்லை, தம்பி. வளைவு என்பது வளையும் செயல், அல்லது வளைந்திருக்கும் நிலை. ஊர் வாசலில் கட்டுகிற அலங்கார வளைவு, ரோட்டு வளைவு, வில்லின் வளைவு. 'ஒளி வளைவு' என்று படிக்கும் தமிழன் ஒளி வளைகிறது என்றுதான் எடுத்துக்கொள்வான். அவன் எடுத்துக்கொள்வது சரி. ஏனென்றால் ஒளி உண்மையிலேயே வளைகிறது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது வானியலாளர் எடிங்டன் பிரின்சிப்பே தீவுக்குப் போனது எதற்கு? சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி, ஐன்ஸ்டைன் கணக்குப்படி 1.75 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) வளைகிறதா என்று பார்க்கத்தானே! அதற்கு ஒளி வளைவு என்பதைவிட இயல்பான பெயர் தமிழில் இல்லை. சொந்தக்காரன் வீட்டில் இருக்கும்போதே பட்டாவை வேறொருவன் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்பவர்களுக்கு நுண்வில்லை முறையைக் காட்டுகிறேன். இதிலும் கோள் தேடுகிறார்கள். நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கிக்கு முக்கியமான வேலைகளில் இதுவும் ஒன்று. தூரத்து விண்மீனுக்கும் நமக்கும் நடுவே இன்னொரு விண்மீன் வரும்போது அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கிறது. அதனால் பின்னால் இருப்பது சில நாள், சில வாரம் கூடுதலாக மின்னிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. முன்னே வந்த விண்மீனுக்குக் கோள் இருந்தால் அந்த ஏற்றத்தில் ஒரு சின்ன முள் கூடுதலாகத் தெரியும். நண்பர்கள் அகராதிப்படி இதை எழுதிப் பார்க்கிறேன்: 'ஒளி வளைவால் ஒளி வளைவில் மேடு தோன்றும்.' கிறுக்கன் எழுதியது மாதிரி இல்லையா? அறிவியல் வாசகருக்கு இடம் எங்கே உதவப் போகிறது? இரண்டு பொருளும் ஒரே இடத்தில் தோளோடு தோள் நிற்கின்றன.

பரவிவிட்டது என்ற வாதத்தைப் பொருட்படுத்த மாட்டேன். சீமைக்கருவேலமும்தான் பரவியிருக்கிறது.

சரி, மாற்று என்ன? தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வளைவரை என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. 'வளைவரையின் தொடுகோடு' என்று படிக்காமல் கணக்குப் பிரிவில் யாரும் பிளஸ் டூ தாண்டியிருக்க முடியாது. ஈழத்தில் வளையி என்பார்கள், அழகான சொல். இரண்டும் வரைந்த பொருளைக் குறிக்கின்றன, வளையும் செயலை அல்ல. 'ஒளி வளைவரை' என்றிருந்தால்கூட நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற சொல்லைத் திறந்து பார்க்காமல் புதிதாக உருட்டுவதுதான் கோபம்.

என் ஓட்டு ஒளிர்வு வரைபு என்பதற்கு. வரைபு ஈழத்துப் பாடநூல் சொல், இங்கே நாம் வரைபடம் என்று சொல்வது. வரைபடம் என்றால் நிலப்படமும் ஆகிவிடும். வரைபுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ஒளி வரைவு' என்று ஒருவர் யோசனை சொன்னார். வரைவு வாக்காளர் பட்டியல் நினைவுக்கு வருகிறது, சங்க இலக்கியம் படித்தவருக்குக் கல்யாணம் நினைவுக்கு வரும். வெறும் 'ஒளிவரை' இன்னும் மோசம். வரை என்றால் மலை. ஒளி என்று நிறுத்தாமல் ஒளிர்வு என்பதற்கும் காரணம் உண்டு. ஒளியிலிருந்து நிறமாலையையும் வரையலாம். அதுவும் ஒளியின் வரைபுதான். இங்கே அளப்பது எவ்வளவு ஒளிர்கிறது என்பதை மட்டும். விண்மீன் உள்ளபடி உமிழும் ஆற்றலோடு இதைக் குழப்பாதீர்கள். அதற்கு ஒளிர்திறன் என்று தனிச்சொல் இருக்கட்டும்.

இப்போது சொல்லிப் பாருங்கள். கேஐசி 8462852 என்ற விண்மீன் 2015இல் பெரிய செய்தியானது. கெப்ளர் தரவைக் கண்ணால் அலசிய தன்னார்வலர்கள் கண்டெடுத்தது. அதன் ஒளிர்வு வரைபில் 22 விழுக்காடு வரை சரிவுகள், ஒழுங்கே இல்லாமல். கோள் மறைத்தால் அப்படி வராது. வேற்றுலகவாசிகள் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. பிறகு தூசு என்பதுதான் பொருந்தி வந்தது. 'ஒளிர்வு வரைபில் சரிவு' என்றால் என்னவென்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பள்ளம், மேடு, சாலைப்பணி எதுவும் வேண்டாம்.

அதே கட்டுரையில் வேறு வேடிக்கைகளும் இருந்தன. கோள் விண்மீனைக் கடப்பதை ஆங்கிலத்தில் டிரான்சிட் என்பார்கள், அதற்குப் 'போக்குவரத்து முறை' என்று போட்டிருந்தது. இன்னும் உறுதியாகாத கோள்களுக்கு 'வேட்பாளர் கோள்கள்'. எந்தத் தொகுதியில் நிற்கின்றனவோ! கடப்பு என்றும் ஐயக்கோள் என்றும் எழுதினால் கை வலிக்குமா? இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததை மனிதர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும், பாதி உதிர்ந்திருக்கும். இரைச்சல், தரவு போன்ற சொற்கள் நன்றாக ஊன்றிவிட்டன, அவற்றில் எனக்குச் சண்டை இல்லை. தூய தமிழுக்காக நான் அடம்பிடிக்கிறேன் என்று தம்பி நினைத்துக்கொண்டார். ஒளி, வளைவு இரண்டுமே சுத்தமான தமிழ்ச்சொல்தான் ஐயா! 'லைட் கர்வ்' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தால்கூடத் தப்பாக யாருக்கும் புரிந்திருக்காது.

ஒன்பது இடத்தையும் திருத்தி அனுப்பினேன். கட்டுரை வெளிவந்தபோது எட்டு இடத்தில் ஒளிர்வு வரைபு இருந்தது. தலைப்பில் மட்டும் 'ஒளி வளைவு' அப்படியே நின்றது, கொட்டை எழுத்தில்.